பல்லால் ஒயர் சீவியவனின் தாடை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே என் தாடையைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் தாடை உட்பட சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். அதிகம் பேசக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் போனுக்குப் பதில் கடிதம்.

வரும் திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன், இப்போதே வார்டில் சேர்த்துவிட்டார்கள். சின்ன விஷயம்தான், நீ அலைய வேண்டாம். ஏணிமேல் நிற்கும் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கை சுவருக்கு, ஒரு கை ஒயருக்கு, ஒயர் தோலைச் சீவுவதற்குப் பல்தான். கட்டர் சட்டைப்பையில் அழகுக்கு இருக்கும். "பல்லு போயிடும்டா" என்று நீ சொன்னாய், போகவில்லை, பாதிதான் உடைந்தது, அந்த வழியாகச் சீழ் தாடையெலும்புக்குள் இறங்கிக் கன்னம் வீங்க, வேலை நடந்த வீட்டம்மா, "வாயில இருக்கறதைத் துப்பிட்டு உள்ள வாங்க" என்றார், துப்ப முடிந்தால் துப்பியிருக்க மாட்டேனா, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போனேன், ஒருநாள் கீழுதடு மரத்துப்போய் வலியே இல்லை, குணமாகிவிட்டது என்று குஷியாக டீ குடித்தேன், டீ முழுதும் சட்டையில் இறங்குவது தெரியாமல் அந்த அம்மாவிடம் புது விளக்கின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கன்னம் வீங்கினா தோல் விரிஞ்சு இடம் கொடுக்கும். எலும்புக்குள்ள வீங்கினா எங்க விரியும்? அந்த அழுத்தத்துல ரத்தக்குழாய் நசுங்கிப்போச்சு. ரத்தம் வராத எலும்பு செத்துடும்."

"இவ்வளவு மாத்திரை தின்னேனே, டாக்டர்."

"மாத்திரையும் ரத்தத்துலதானே போய்ச் சேரணும்?"

மெயின் லைனே அறுந்த வீட்டில் நான் பல்பு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். செத்த எலும்பை, ரத்தம் கசியும் இடம் வரும்வரை சுரண்டிக்கொண்டே போவார்களாம். சீக்கிரம் ரத்தம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை எனக்கு. வராவிட்டால் பாதித் தாடை போகுமாம். "அப்புறம் பேச்சு வருமா?" என்று கேட்டேன். அவர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார்.

உன் தம்பி பெண்டாட்டி அழவில்லை. கட்டரைக் கொண்டுவந்து என் தலையணை பக்கத்தில் வைத்திருக்கிறாள். இனி பல்லால் ஒயரைத் தொடமாட்டேன், சத்தியம். எனக்குப் பயமும் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: வார்டு ஃபேன் நின்றுவிட்டது. எல்லாரும் புழுங்கிக் கிடந்தார்கள், நான்தான் ஸ்டூலில் ஏறினேன். கட்டர் கீழே தலையணை பக்கத்தில், நான் மேலே. நல்ல பக்கத்துப் பல்லால்தான் சீவினேன். ஃபேன் ஓடுது. இப்ப அந்தப் பக்கமும் வலிக்குது. யார்கிட்டயும் சொல்லல. பயமா இருக்கு. திங்கட்கிழமைக்கு முன்னாடி உன்ன ஒரு தடவை அக்கான்னு கூப்பிட்டுடணும். கெளம்பி வா.