லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?

மைலேஜ்காரர் என்றொரு மனித இனம் உண்டு. உங்களுக்கும் பழக்கமானவர்தான். வீட்டில் எல்லாரும் நலமா என்று நீங்கள் கேட்க வாயெடுப்பதற்குள், "வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று முந்திக்கொள்வார். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அவருடையது அதைவிட இரண்டு கூடுதலாகவே இருக்கும்.

நான் சொல்ல வந்தவர் ஒரு மருந்துக் கடைக்காரர். மருத்துவர் எழுதிய சீட்டில் அரை மாத்திரையைக்கூடக் கூட்டிக் குறைக்க மாட்டார். தன் டீசல் காரைச் செய்தவர்களிடம் மட்டும் அவருக்கு அந்த மரியாதை கிடையாது. இஞ்சின் விட்ட புகையில் ஒரு பங்கை மறுபடி இஞ்சினுக்கே அனுப்புகிற வால்வு ஒன்று அதில் இருக்கிறது என்றும், ஊர்க் காற்று கெடாமலிருக்க வைத்த அதை அடைத்துவிட்டால் டீசல் மிச்சமாகும் என்றும் ஏதோ வீடியோவில் பார்த்தார். தூக்கம் போயிற்று.

"விட்ட மூச்சையே திரும்ப இழுத்தா யாருக்குத்தான் தெம்பு இருக்கும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"குளியலறைக் குழாய் ஒழுகுது. முதல்ல அதை அடைங்க."

அவர் வால்வைத்தான் அடைத்தார். தகரத்தை வெட்டி, துளை போட்டு, வால்வுக்கும் அதன் குழாய்க்கும் நடுவில் செருகி முடுக்கினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். விளக்கின் பிரச்சினை தீர்ந்தது.

மைலேஜ் கூடியது உண்மை. ஏசியை அணைத்து, காற்று புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்குமென்று கண்ணாடிகளையும் ஏற்றி, ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் போட்டு, தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் ஆக்சிலேட்டரை மிதித்தால் எந்த வண்டிதான் கொடுக்காது? ஆனால் பெருமை முழுவதும் தகரத்துக்கே போயிற்று.

இப்படியிருக்கையில் மகளுக்கு வெளியூரில் முதல் வேலை கிடைத்தது. மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். காலை ரயிலுக்கு மூவரும் காரில் கிளம்பினார்கள். மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி சோர்ந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போனார்.

"அப்பா, மிதிங்கப்பா."

"மிதிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்."

மகள் டேப்பைப் பிய்த்தாள். விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வால்வு அடைபட்டது தெரிந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வண்டியே வேகத்தைச் சுருக்கிக்கொண்டுவிட்டது. பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது ரயில் புறப்பட்டுப் போவது நன்றாகத் தெரிந்தது.

அடுத்த ரயில் மறுநாள்தான். சாலையோரத்தில் பானெட்டைத் திறந்து, கை சுடச்சுடத் தகரத்தைப் பிடுங்கி எறிந்தார். வண்டியை அணைத்துத் திரும்பக் கிளப்பியதும் அதற்குத் தெம்பு வந்தது. டாங்க்கை நிரப்பினார். வேலை கிடைத்த ஊர்வரை மகளைக் காரிலேயே கொண்டுபோய் விட்டார்.

அலுவலக வாசலில் அவள் வியர்வையில் கசங்கிய உடையோடு இறங்கினாள். சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. மன்னிச்சிக்கோ, பத்திரமா இரு, நேரத்துக்குச் சாப்பிடு.

"இருபத்தாறு குடுத்திருக்கு," என்றார்.

அவள் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்து, கொப்புளத்தைப் பார்த்தாள். "திரும்பிப் போறப்ப அம்மாவுக்காவது ஏசி போடுங்கப்பா."

போட்டார். மனைவி தூங்கும்வரை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இருபத்தாறு என்று படித்ததும் உங்கள் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, அது எதற்கு?