மழைப் பாட்டா, ரயில் பாட்டா?

சேசு மரி சூசை

விழுப்புரம்,
10-4-1967

மகாகனம் பொருந்திய மச்சான் பெரியநாயகம் அவர்களுக்கு, தங்கை புருஷன் தேவசகாயம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை சூசை மேரியும் உயிரோடிருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

திண்டிவனம் முழுக்கச் சலித்து நீங்கள் பொறுக்கியெடுத்த மாப்பிள்ளை செபஸ்தியான், நேற்றுப் பூசை முடிந்ததும் தாய் தகப்பனோடு நம் பெண் இருதயமேரியைப் பார்க்க வந்தார். நகை, சீர், எந்தக் கோயிலில் கலியாணம் எல்லாம் கேசரி ஆறுவதற்குள் பேசி முடிந்தது. பெண்ணுக்குச் சம்மதமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது நம் வழக்கமில்லையே. அப்போது மாப்பிள்ளை, "பொண்ணு சிலோன் ரேடியோ கேக்குமா?" என்றார். கேட்கும் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அந்தச் சடைமுடி லண்டன் கித்தார் கோஷ்டியின் பாட்டுகளில் எதற்கு முதலிடம் என்று அடுத்த கேள்வி. இவள் தலை குனிந்தபடியே, "ரயில் பாட்டுக்குத்தான்" என்றாள். "அது அஞ்சாவது. மழைப் பாட்டுதான் மொதல்" என்றார் அவர். குனிந்த தலை நிமிர்ந்தது, மச்சான். "அஞ்சாவதா? உங்களுக்குக் காது ஏதுனா பேஜாரா?"

பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்! மாப்பிள்ளையின் தகப்பனார், "ரயிலுக்கு ரெண்டாவது எடம் குடுத்துட்டு ஜல்தி வெத்தல பாக்க மாத்துடா" என்று கெஞ்ச, மாப்பிள்ளை, "கல்யாணத்த வேணா வுட்டுடறேன், மழைப் பாட்ட எறக்க மாட்டேன்" என்று குதிக்க, உங்கள் தங்கை, "ரெண்டயும் மொதல்ல வச்சிக்கலாமே" என்று சொல்ல, "அது எப்படி!" என்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் அவள்மேல் பாய, பாடிக் காட்டினால் நாங்கள் தீர்ப்புச் சொல்கிறோம் என்று நான் வாயை விட்டுவிட்டேன். மாப்பிள்ளை எழுந்து நின்று, முன்மயிரை ஆட்டி, இடுப்பை வளைத்து, ஊளையிட்டார். கூட வந்த உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு முருகையன், "இன்னா சார், வலிப்பா?" என்று சாவிக்கொத்தோடு ஓடி வந்து மாப்பிள்ளை கையில் இரும்பைத் திணித்தார். அவ்வளவுதான். பெற்றவர்களை இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை பஸ் ஏறிவிட்டார்.

இருதயமேரி மிச்சக் கேசரியைத் தின்றுகொண்டே, "மழைப் பாட்டாம், கேப்பைக் கூழாம்!" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் ரேடியோவைத் திறக்கவே இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

ஆகவே மச்சான், இந்தச் சம்பந்தம் இத்தோடு முறிந்தது. இனி வரன் பார்த்தால், ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்கு முன்னால் வீட்டில் ரேடியோ உண்டா என்று விசாரியுங்கள். மயிலம் பக்கம் மல்லாட்டை பயிரிட்டுக்கொண்டு, கோயில் பாட்டைத் தவிர வேறு பாட்டே அறியாத பையன் இருந்தாலும் சரி.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் மாதாவின் அடைக்கலத்தை மன்றாடும்,
தேவசகாயம்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் செபஸ்தியான் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். "மாமா, மொதல் எடம் கெடக்கட்டும். கடைசி எதுன்னு உங்க பொண்ணக் கேக்கணும்" என்றார். இருவரும் ஒரே பாட்டைச் சொன்னார்கள். அதைத் திட்டித் திட்டிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வைகாசியில் கலியாணம்; உடனே புறப்பட்டு வாருங்கள். அந்தக் கோஷ்டி பாடியதிலேயே எனக்குப் பிடித்த ஒரே பாட்டு அந்தக் கடைசிப் பாட்டுதான் என்பதை மட்டும் இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.