எல்லாப் பக்கமும் கேட்கிற மைக்

சின்ன வயதில் ஒருவனிடம் “உனக்கு நல்ல குரல்” என்று யாராவது சொல்லிவிட்டால், பிறகு அவனைத் திருத்தவே முடியாது. எனக்கு அப்படிச் சொன்னவர் எட்டாம் வகுப்பு ஆசிரியர். அன்று முதல் கல்யாண வீடு, விளையாட்டுப் போட்டி, பாலர் பாடசாலை விழா என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அறிவிப்பாளன் நான்தான். (யாரும் கேட்கமாட்டார்கள். நானாகப் போய் நிற்பேன்.) வீட்டில் தேநீர் கேட்பதும் வானொலிக் குரலில்தான்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில் கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கின. எங்கள் ஊரில் ஒரு தென்னந்தோட்டத்தின் ஊடாகக் கடற்கரைக்குப் பாதை ஒன்று போனது. வலையும் எஞ்சினும் மீனும் அதால்தான் போய்வரும். தோட்டத்தை ஹோட்டல் கட்ட ஒருவர் வாங்கினார். பாதையையும் சேர்த்துத்தான் வாங்கியதாகச் சொன்னார்.

என் மனைவி ஸரீனாவின் வாப்பா மீரான் மாமா மீனவர் சங்கத்தில் மூத்தவர். அவர் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்ததில், கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்து கேட்பதாக ஒப்புக்கொண்டார். ஊருக்காக மாமா பேசுவது என்று முடிவானது. மாமா கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். கிழிந்த வலை பொத்தும்போதெல்லாம் அந்தப் பேச்சை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

“பள்ளிவாசல் மைக் போதும் மகன்,” என்றார் மாமா.

“அந்தக் கறல் புடிச்ச மைக்கா? கொழும்பிலயிருந்து வாற மாத்தயாவுக்கு முன்னால? நீங்க பேசாம இருங்க மாமா, நான் பாத்துக்கொள்றன்.”

(“நீங்க பேசாம இருங்க.” என் வாயில் வந்தது அதுதான். பலித்தும்விட்டது.)

புத்தளம் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவை இழுத்து மூடிய கடை. கடைக்காரர் இரண்டு மைக் எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, உலக்கை போல.

“இது வாய்க்கு நேரா, கிட்ட வச்சாத்தான் கேக்கும்,” என்றார்.

மற்றது வெள்ளி நிறம். மெல்லிய உடம்பு. “இது அப்பிடியில்ல. எல்லாப் பக்கமும் கேக்கும். மூச்சு விட்டாலும் புடிக்கும்.”

அதைக் கையில் வாங்கி “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றேன். அந்த அமைதியான அறையில் என் குரல் தேனில் நனைந்து திரும்பி வந்தது. என் குரலில் நானே மயங்கி நின்றேன். கறுப்பு மைக்கில் பேசியே பார்க்காமல் வெள்ளி மைக்கை வாங்கிக்கொண்டேன். வாய்க்கு நேரே வைத்தால்தான் கேட்கும் என்பது ஒரு குறை, எல்லாப் பக்கமும் கேட்பது ஒரு பெருமை என்று நினைத்த அறிவாளி நான்.

கூட்டம் கடற்கரையில். அது சோழகக் காற்றுக் காலம். எங்கள் கரையில் அந்த மாதங்களில் காற்று சும்மா வீசாது, ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். தறப்பாள் கூடாரம் படபடவென்று அடித்தது. பக்கத்தில் ஜெனரேட்டர். படத்தில் எடுப்பாகத் தெரியும் என்று ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டையும் பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினேன். மைக்கின் வாயும் பெட்டியின் வாயும் ஒன்றையொன்று பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சீக்கிரமே ஊருக்கே தெரிந்தது.

அதிகாரி வந்து அமர்ந்தார். நான் பாட்டுக்காரர்களைப் போல மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்து, கண்ணை அரைவாசி மூடி, “கண்ணியத்துக்குரிய...” என்று தொடங்கினேன்.

கூ என்று ஒரு ஓலம் கிளம்பியது. முன்வரிசைக் குழந்தைகள் வீரிட்டன. காகங்கள் தென்னைகளை விட்டுப் பறந்தன. அதிகாரி இரண்டு காதுகளையும் பொத்தினார்.

சத்தத்தைக் குறைத்தேன். “கேக்கல்ல!” என்றார்கள் பின்னால் நின்றவர்கள். கூட்டினேன். மறுபடியும் ஓலம். இந்த லட்சணத்தில் வரவேற்புரையை நான் ஒரு வரிகூட விடாமல் முடித்தேன். (ஏன் முடித்தாய் என்று ஸரீனா இன்றைக்கும் கேட்கிறாள்.) அதற்குள் அதிகாரி இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார்.

பிறகு மாமா எழுந்தார். துடிக்கிற மீனைக் கழுத்தில் அமத்துவதுபோல மைக்கின் தலையை இறுக்கிப் பிடித்தார். என்னைப் பார்த்துத்தான் அப்படிப் பிடித்தார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த மைக் எல்லாப் பக்கமும் கேட்டது. காற்று கேட்டது, தறப்பாள் கேட்டது, ஜெனரேட்டர் கேட்டது, பின்னால் யாரோ இருமியது கேட்டது. கேட்காமல் போனது மாமாவின் குரல் மட்டும்தான்.

எனக்கு மட்டும் கேட்டது. வயர்களைப் பிடுங்கிச் செருகிக்கொண்டு, அவர் காலடியில் மேசைக்குக் கீழே கிடந்தேன் நான்.

“மாத்தயா, நாங்க ஒருக்கா மன்னார்ல கடல விட்டுட்டு வந்த ஆக்கள். சண்டை நேரம் தொரத்திவிட, உடுத்த உடுப்போட வந்தம். இந்தக் கரையில எங்களுக்கு ஆரும் கதிரை போட்டு வைக்கல்ல. நாங்களா வலை கட்டினம், வள்ளம் வாங்கினம். எங்களுக்குக் காணி வேணாம், காசு வேணாம். கடலுக்கு நடந்து போற வழிய மட்டும் மூடாதீங்க. இன்னொருக்கா ஒரு கடல விட்டுட்டுப் போக எனக்கு வயசில்ல.”

என் வாழ்நாளில் நான் கேட்ட நல்ல பேச்சு அது. அறிவிப்பாளனான நான் ஆயிரம் கூட்டங்களில் கத்தியதையெல்லாம் சேர்த்தாலும் அதில் ஒரு வரிக்குப் பெறாது. அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

அதிகாரி பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளரிடம் குனிந்து, என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். மாமாவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்.

“சேர் வந்ததற்கு நன்றி சொல்கிறார். ஊருக்கு மிகவும் சந்தோஷமாம்.”

“ஹொந்தாய், ஹொந்தாய்” (நல்லது, நல்லது) என்று அதிகாரி முகமெல்லாம் சிரித்தார். எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து மாமாவும் சிரித்தார். நான் வயர்ச் சிக்கலிலிருந்து காலை விடுவித்துக்கொண்டு மேசைக்கு வெளியே வருவதற்குள் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

“மாத்தயா வெளங்கிக்கொண்டார்தானே மகன்?” என்றார் மாமா.

நான் “ஓம் மாமா” என்றேன். மைக் இல்லாமல், மிகவும் தெளிவாக.

மழைக்கு முன்பே முள்ளுக்கம்பி வேலி வந்தது. பிறகு எழுதிய கடிதங்களுக்கு, ஊர் மக்கள் ஏற்கெனவே சந்தோஷம் தெரிவித்திருப்பதாகப் பதில் வந்தது. இப்போது கரைக்குப் போக உப்புப் படிந்த தரவை வெளியைச் சுற்றி, மணலில் கால் புதையப் புதைய நடக்கவேண்டும். அந்தச் சுற்றுவழிக்கு ஊர் வைத்த பெயர் ‘மைக் ரோட்டு’. மீன் எடுக்க வருகிற லொறிக்காரர்கள்கூட “மைக் ரோட்டால வாறம்” என்று போனில் சொல்கிறார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்னைக் கண்டதும் சிரித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் நானும் மகளும் மாமாவோடு அந்த வழியால் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு மாமா முன்னால் நடந்தார். இறக்கி வைக்காமல் ஒரே மூச்சில் நடக்கிற வயதில்லை அவருக்கு.

“வாப்பா, இந்த ரோட்டுக்கு ஏன் மைக் ரோட்டு எண்டு பேர்?” என்றாள் மகள்.

“அது வந்து மகள்... ஒரு நாள்...” என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே சொன்னார்:

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மருமகன். முன்னுக்கு உள்ள ஆக்களுக்குக் கேக்கல்ல.”