மேசையை மட்டம் என்று சொன்னது குறித்து

திருப்பாதிரிப்புலியூர்,
6.6.2009

மதிப்பிற்குரிய மச்சான் இளவரசு அவர்களுக்கு, கடலூரிலிருந்து தங்கள் தங்கை வீட்டுக்காரன் கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். தாங்களும் தங்கள் மனைவி பொன்னியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பாடலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். பதினொரு நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி புஷ்பவள்ளியும் சுகம் என்பதை, நான் போன் செய்யும்போது பின்னால் கேட்கிற டிவி சத்தத்திலிருந்து அறிந்துகொள்கிறேன். சிதம்பரத்தில் மழை உண்டா? இங்கு இல்லை.

செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். இரண்டு முறை பேசிப் பார்த்தேன், இரண்டு முறையும் நிலைமை இன்னும் மோசமானது. எல்லாம் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை நான் ஒரு பொருளில் சொல்கிறேன், அவள் வேறு பொருளில் கேட்கிறாள். எழுத்தில் என்றால் விளக்கம் சொல்ல இடம் இருக்கிறது. ஆகவே கடைசி வரைக்கும் படித்துவிட்டு அதன் பிறகு கோபப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஓவர்சியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சென்னையிலிருந்து மகள் இளமதி போன மாதம் ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே விமானம். முழுசாக இல்லை, நாமே செய்துகொள்ள வேண்டும். பால்சா என்று ஒரு கட்டை, தீக்குச்சி கனத்தில் நறுக்கி வைத்திருக்கிறார்கள், மேலே ஒட்ட மெல்லிய காகிதம், ரப்பரை முறுக்கிவிட்டால் சுற்றுகிற காற்றாடி, கூடவே செய்முறைத் தாள் ஒன்று. அதில் முதல் வரி: முதலில் மேடு பள்ளமில்லாத ஒரு பரப்பைத் தேர்ந்தெடுக்கவும், பரப்பு கோணினால் இறக்கை கோணும், இறக்கை கோணினால் விமானம் நேராகப் போகாது. மொத்தம் நாற்பத்திரண்டு வரி. மற்றவர்கள் இந்த முதல் வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். முப்பத்தோரு வருஷம் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் கட்டிய சுவரைக் குறை சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான், என்னால் தாண்ட முடியவில்லை. அந்த ரசமட்டத்தைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், முதல் சம்பளத்தில் வாங்கியது, ஓரத்தில் என் பெயர் வெட்டியிருக்கும், கண்ணாடிக் குழாய்க்குள் ஓடுகிற குமிழி நடுவில் நின்றால் பரப்பில் கோணல் இல்லை என்று பொருள். தங்கள் வீடு கட்டும்போதும் அதை வைத்துத்தான் மட்டம் பார்த்தேன். குளியலறைத் தண்ணீர் ஹாலுக்கு வருகிறது என்று பதினைந்து வருஷமாகத் தாங்கள் சொல்லிவருகிறீர்கள், நானும் பதினைந்து வருஷமாக அது தண்ணீரின் கோளாறு என்று சொல்லிவருகிறேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டுப் பக்கிரியிடம் கேரம் போர்டு கடன் வாங்கினேன். ரசமட்டத்தை வைத்தேன், குமிழி ஒரு ஓரமாகப் போய் நின்றது. இதை நான் என் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தொழில் தர்மம் என்று ஒன்று இருப்பதால், “போர்டு மட்டமில்ல பக்கிரி” என்று சொல்லிவிட்டேன். அவர் தெருவில் மூன்று வருஷமாகக் கேரம் சாம்பியன். “அப்ப நான் ஜெயிச்சதெல்லாம் போர்டாலயா?” என்று கேட்டார். எந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடுவார் என்று கேட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

அடுத்தது குளியலறைக் கதவு. கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் போட்டு மட்டம் பார்த்துக்கொண்டிருக்கையில், புவனகிரியிலிருந்து நம் உறவுக்காரர் மணவாளனும் அவர் சம்பந்தியும் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்துவிட்டார்கள். சம்பந்தி சர்க்கரை நோயாளி. கதவில்லாத குளியலறைக்குள் ஆள் இருப்பது தெரிய வேண்டுமே என்று அவர் விடாமல் இருமிக்கொண்டே இருந்தார், மணவாளன் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், தங்கள் தங்கை காபியுடன் நடுவில் நின்று என்னைப் பார்த்தாள். அவர்கள் போனதும், “இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள கதவு மாட்டியிருக்கணும்” என்றாள். மாட்டிவிட்டேன். கதவிலும் மட்டம் இல்லை என்பது வேறு விஷயம்.

பிறகு கல் பட்டறைக்குப் போனேன். பளபளவென்று ஒரு கருங்கல் பலகை, விலையும் சகாயம். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கின பிறகுதான் வள்ளி மறுபக்கத்தைப் பார்த்தாள். ‘ரத்தினம்மாள், தோற்றம் 1931’ என்று செதுக்கி, அத்தோடு நிறுத்தியிருந்தது. பிள்ளைகள் அவசரப்பட்டு ஆர்டர் கொடுத்துவிட்டார்களாம், அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாராம், இப்போது காலையில் வாக்கிங் போகிறாராம். நல்ல செய்திதானே என்றேன். “ஒருத்தருக்காவக் காத்திருக்கிற கல்லு நம்மூட்ல எதுக்குங்க?” என்று அவள் கேட்டாள். தவிர, வரைபடத்தின் மேல் கட்டையை வைத்துச் சுற்றிலும் குண்டூசி குத்த வேண்டும் என்று ஏழாவது வரியில் இருந்தது. கல்லில் குண்டூசி இறங்காது. வண்டி பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்படி வீடெல்லாம் தேடியாகிவிட்டது. கண்ணெதிரே இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. எங்கள் கிரகப்பிரவேசத்துக்குத் தாங்கள் தாய்வீட்டுச் சீராகச் செய்து அனுப்பிய தேக்குச் சாப்பாட்டு மேசையைத்தான் சொல்கிறேன். மே 26 செவ்வாய்க்கிழமை காலை அதன் ஒரு கோடியில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி கிட்டத்தட்ட நடுவில். ஒரு கால் லேசாகத் தாழ்ந்திருந்ததால் மணவாளன் வைத்த பத்திரிகையை நாலாக மடித்து அடியில் கொடுத்தேன். குமிழி சரியாக நடுவில். சுற்றிக்கொண்டு போய் எதிர்க்கோடியில் வைத்தேன். அங்கேயும் நடுவில். மச்சான், இத்தனை வருஷத்தில் நான் இப்படி ஒரு பரப்பைப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டு, “வள்ளி, நம்மூட்லயே மட்டமானது உங்கண்ணன் குடுத்த டேபிள்தான்” என்றேன்.

அவள் கரண்டியோடு வெளியே வந்து, “இன்னொரு தபா சொல்லுங்க” என்றாள். அவளுக்கும் சந்தோஷம் என்று எண்ணி, சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “கடலூர் பூரா தேடுனாலும் இவ்ளோ மட்டமா கெடைக்காது, உங்கண்ணன் எது செஞ்சாலும் மட்டமாத்தான் இருக்கும்” என்றும் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கேரம் போர்டைக் கேட்டு வாசலில் நின்ற பக்கிரி, பேச்சு இல்லாத மனிதர், பேசினார். “பாருங்கண்ணி, என் போர்டு மட்டமில்லன்னாரு. உங்கூட்டு டேபிளத்தான் மட்டம்ங்கறாரு” என்றார். வள்ளி அடுப்பை அணைத்தாள், புடவை மாற்றினாள், பத்தரை மணி சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். குழம்பு பாதியில் இருந்தது. எந்தப் பாதி என்று தெரியாததால் அதை நான் முடிக்கவில்லை.

இப்போது விளக்கம். கொத்தனார் பேச்சில் மட்டம் என்றால் ஏற்ற இறக்கம், கோணல் இல்லாமல் சரியாக இருப்பது. அதைவிட உயர்ந்த பாராட்டு எங்கள் தொழிலில் கிடையாது. வீட்டுப் பேச்சில் மட்டம் என்றால் தரம் கெட்டது என்பதை நான் அறியாதவன் அல்ல. அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை, வேலையில் இருந்தேன். இதைத்தான் போனில் சொல்லப் பார்த்தேன். “எது எது மட்டம்னு பாத்து முடிச்சிட்டீங்களா?” என்று அவள் கேட்டாள். “எல்லாம் பாத்தாச்சு வள்ளி, உங்கண்ணன் குடுத்தது ஒன்னுதான் மட்டம்” என்றேன். போன் கட் ஆகிவிட்டது. மறுநாள் பொன்னிதான் எடுத்து, “வள்ளி ரொம்ப வாட்டமா இருக்குதுண்ணே” என்றது. தரையில் தண்ணீர் ஓடுவதற்கு விடுகிற சரிவையும் நாங்கள் வாட்டம் என்றுதான் சொல்வோம். எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டேன். அந்தப் போனும் கட் ஆனது.

மச்சான், கூச்சத்தை விட்டு எழுதுகிறேன். வீடு நன்றாக இல்லை. மேசையில் ஒரு பாதியில் நான் சாப்பிடுகிறேன், அவள் உட்காருகிற பாதியில் இறக்கை குண்டூசி குத்திக் காய்ந்துகொண்டிருக்கிறது. இருபத்தேழு வருஷத்தில் அவள் இல்லாமல் இத்தனை நாள் நான் சாப்பிட்டதில்லை, இப்போதும் சாப்பிடுகிறேன் என்று சொல்ல முடியாது. வருகிற வெள்ளிக்கிழமை மணவாளன் வீட்டுக் கல்யாணம். தனியாகப் போனால் வள்ளி எங்கே என்று கேட்பார்கள், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் அந்தச் சொல் மறுபடி வரும். ஆகவே தாங்கள் அவளைக் கல்யாணத்துக்கு அழைத்துவந்தால், அங்கிருந்து நான் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று தெரிவிக்கவும். பத்திரிகை மேசைக் காலடியில் இருக்கிறது, எடுத்தால் மட்டம் போய்விடும். தாங்கள் கொடுத்த மேசை மட்டமானது என்பதை மறுபடியும் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் என்னைவிடப் பெரியவர்கள் யாரும் இருந்தால் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், கோபத்தில் இருப்பவர்களுக்கு என் அன்பும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கலியமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இறக்கை காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன். காய்ந்துவிட்டது. குண்டூசிகளை எடுத்துத் தரையில் வைத்தேன், ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. பொரித்த அப்பளம் போல இருக்கிறது. உடனே ரசமட்டத்தை மேசையில் ஒரே இடத்தில் வைத்து, பிறகு அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடிவிட்டது. அதாவது, கோணல் ரசமட்டத்தில். இப்படித் திருப்பி வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று பல பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று மேசையை நான் சுற்றி வந்து பார்த்ததால், என் கையோடு ரசமட்டமும் திரும்பி, அதன் கோணலும், கோடிக்கு ஒரு பக்கமாக முறுக்கியிருக்கிற மேசையின் கோணலும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்து, இரண்டு கோடியிலும் சரியாக இருப்பதுபோல் காட்டியிருக்கின்றன. நானும் வள்ளியும் இருபத்தேழு வருஷம் ஓட்டியதும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. ஆகவே மேலே எழுதியதில் சில திருத்தங்கள். தாங்கள் கொடுத்த மேசை நான் சொன்ன பொருளில் மட்டம் இல்லை, இனி தங்கள் தங்கை எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுதான் மிச்சம், அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை. பக்கிரியின் போர்டு நல்ல போர்டாகவே இருக்கலாம், அதை அவரிடம் சொல்லப் போவதில்லை. தங்கள் குளியலறை விஷயத்தில் தண்ணீர் மேல் தப்பில்லை. பத்திரிகையை எடுத்துவிட்டேன், முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. விமானத்தைப் பற்றிச் செய்முறைத் தாளின் கடைசி வரியில் போட்டிருக்கிறது: இறக்கை கோணலாக இருந்தால் விமானம் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். கோணலாக இருந்தாலும் திரும்பி வருகிறதே, எனக்கு அது போதும். இந்தக் கடிதத்தை வள்ளியிடம் காட்ட வேண்டாம். விமானம் திரும்பி வருகிற அந்த வரியை மட்டும் சொல்லவும். கோணல் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லவும்.