ஈ ஓட்டிய ரோபோ

காலை பத்து மணிக்குள் ரோபோ மூன்று முறை ஈ ஓட்டிவிட்டது.

இத்தனைக்கும் அந்த அறையில் ஒரு ஈ கிடையாது. சுற்றிலும் கண்ணாடி அடைத்து, கதவையும் இறுக மூடியிருந்தார்கள். ஆனாலும் அந்த வெள்ளை இயந்திரக் கை ஐந்து பொட்டலத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்திவிட்டு, பிடித்திருந்த கரண்டியை இடமும் வலமுமாக ஒரு வீசு வீசியது. மூன்றாவது வீச்சில் கரண்டியிலிருந்த காராச்சேவு மொத்தமும் சங்கரபாண்டியனின் வழுக்கைத் தலையில் வந்து இறங்கியது.

"டேய் ஹரி! கடையில உக்காந்து ஈ ஓட்ட எனக்குத் தெரியாதா? அதுக்கு மதுரையில இருந்து மிஷின் வேற வரணுமா?"

ஹரி அப்பாவின் தலையைப் பார்க்காமல் ரோபோவைப் பார்த்தான். காரணம் அவனுக்குத் தெரிந்ததுதான். அந்த ரோபோவுக்கு எழுத்தும் தெரியாது, பேச்சும் புரியாது. கையைப் பிடித்து ஒருமுறை செய்து காட்டினால், காட்டியதை அப்படியே திரும்பத் திரும்பச் செய்யும். அருப்புக்கோட்டையிலேயே சேவு கட்டுவதில் கை தேர்ந்தவள் ஒச்சம்மாள் என்று அவளையே கையைப் பிடித்து ஐந்து பொட்டலம் கட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். இருபது வருஷமாகக் கடை வாசலில் உட்கார்ந்து பொட்டலம் கட்டியவள். சேவு அள்ளும்போது ஈ ஓட்டாமல் அவளுக்குக் கை வராது.

"நான் ஓட்டினேனா? எனக்கே தெரியாதே தம்பி!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சங்கரபாண்டியன் சிரிக்கவில்லை. ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் வீரசோழன் பாய், எல்லாப் பொட்டலமும் ஒன்றுபோல இருந்தால் அடுத்த மாதத்திலிருந்து தன் கடைகள் அத்தனைக்கும் இங்கேயே சரக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் சங்கரபாண்டியன் ஒரு மாத வெள்ளோட்டத்துக்கு ரோபோவை உள்ளே விட்டிருந்தார். சரியாக ஓடாவிட்டால் வந்த வண்டியிலேயே ஏற்றிவிடுவதாகப் பேச்சு.

இது வீட்டுக்கே தெரிந்த கவலை. ஹரிக்கு மட்டும் தெரிந்த கவலை ஒன்று இருந்தது. அதன் பெயர் ரோஷினி. கம்பெனி என்ஜினீயர். ரோபோவை இறக்கி வைத்த அன்று, திருப்புளியைக் காதில் பென்சில் மாதிரி செருகிக்கொண்டு அவள் நின்ற நிற்பிலேயே இவன் கவிழ்ந்துவிட்டான். ரோபோ ஒழுங்காக ஓடினால் அவள் வர வேண்டியதில்லை. ஓடாவிட்டால் ரோபோவே போய்விடும். அப்புறம் அவள் எதற்கு வருவாள்? சொக்கலிங்கபுரம் கோயிலில் என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல், வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்தான்.

போன் செய்தான்.

"ஈ ஓட்டுதா?" என்று அவள் சிரித்தாள். "நேர்ல பாத்தாத்தான் தெரியும். வாரேன்."

மறுநாள் மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பழையதை அழித்துவிட்டு, ஒச்சம்மாளை மறுபடி காட்டச் சொன்னாள். இந்த முறை ஈ இல்லை. ஹரியின் அம்மா முத்துமாரியம்மாள் இலை போட்டுச் சாப்பாடு வைத்து, ஊர், உறவு எல்லாம் விசாரித்து அனுப்பினாள்.

அடுத்த நாள் பொட்டலங்கள் ஒன்றுகூட ஒட்டவில்லை. வாய் பிதுங்கி நின்றன. ரோபோ கால் கிலோ நிறுத்து முடித்ததும் மேலே ஒரு கைச் சேவு கொசுறு போட்டது.

"கொசுறு போடாம எப்பிடிப்பா குடுக்கது? வாங்குறவுக நம்மள என்ன நெனைப்பாக?" என்றாள் ஒச்சம்மாள்.

ரோஷினி மறுபடி வந்தாள். ஹரி தேய்த்த சட்டை போட்டிருந்தான்.

"மிஷினுக்குக் காய்ச்சல் வந்தா நீ ஏண்டா மினுக்கிக்கிட்டு நிக்க?" என்று அம்மா கேட்டாள். ரோஷினி குனிந்து திருகாணியைத் தேடினாள். திருகாணி அவள் கையில்தான் இருந்தது.

அவள் கொசுறை நிறுத்திவிட்டுப் போனாள். ஆனால் பொட்டலம் இன்னும் கொஞ்சம் மேடாக இருப்பதுபோல் ஹரிக்குப் பட்டது. இதற்குப் போய் அவளைக் கூப்பிட்டால் நன்றாயிருக்காது என்று தானே ரோபோவின் கையைப் பிடித்து, மேலாக ஒரு சிட்டிகை எடுக்கச் சொல்லிக்கொடுத்தான். சிறு வயதிலிருந்து சேவுக்கடையில் வளர்ந்தவன். எடுத்த சிட்டிகையைத் தன்னையறியாமல் வாயருகே கொண்டுபோய்விட்டான். அன்று முழுக்க ரோபோ ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சிட்டிகை எடுத்து, இல்லாத வாய்க்கு ஊட்டி, தரையில் போட்டது. சாயங்காலம் தரையைக் கூட்டியபோது இரண்டு கிலோ சேவு கிடைத்தது.

ரோஷினி மூன்றாவது முறையாக வந்தாள். விஷயத்தைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இனிமே தயவுசெஞ்சு யாரும் கையப் பிடிக்காதீங்க" என்று ஹரியிடம் சொன்னாள். சொன்னதும் இருவருக்குமே ஏனோ காது சிவந்தது.

இரண்டு நாள் ரோபோ தங்கமாக ஓடியது. மூன்றாம் நாள் சங்கரபாண்டியனுக்குக் கை துறுதுறுத்தது.

"பாய் இன்னைக்கு வாராக. நீங்க யாரு சொல்லிக் குடுத்தும் அதுக்கு நம்ம கடைக் கை வரல. தள்ளுங்க, நான் காட்டுதேன்."

காட்டினார். அருமையாகத்தான் காட்டினார். அள்ளி, நிறுத்து, போடும் நேரத்தில் வாசலில் பாயின் கார் வந்து நின்றது. "வாங்க பாய்!" என்று, பிடித்த பிடியை விடாமல் கையைத் தலைக்கு மேல் உயர்த்திவிட்டார்.

பாய் உள்ளே வந்து கண்ணாடி அறையில் நின்று பார்த்தார். ரோபோ அள்ளியது. நிறுத்தது. பிறகு கரண்டியைக் கூரை வரை தூக்கி அவரை வரவேற்றது. சேவு மழையாகப் பெய்தது. அடுத்த பொட்டலத்துக்கும் வரவேற்றது. அதற்கடுத்ததற்கும்.

சட்டைப் பைக்குள் விழுந்த சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ருசி கொறையில்ல" என்றார் பாய். "பொட்டலம் ஒண்ணுபோல வந்தாச் சொல்லி விடுங்க."

அவர் போனதும் சங்கரபாண்டியன் தன் கையாலேயே கம்பெனிக்குப் போன் போட்டார். "வந்து தூக்கிட்டுப் போயிருங்க. நாளைக்கே."

ஹரி அன்று சாப்பிடவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் கம்பெனி வேன் வந்தது. ரோஷினி வரவில்லை. டிரைவர் சதீஸ்குமார் மட்டும் கயிறும் சாக்குமாக இறங்கினான். ரோபோவைச் சுற்றி வந்து பார்த்து, "என்னண்ணே கோளாறு?" என்றான்.

ஹரி வேண்டாவெறுப்பாகச் சொன்னான்.

"இதுக்கா திருப்பி அனுப்புறீங்க?" சதீஸ்குமார் போனை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினான். ரோபோவின் தலையில் பச்சை விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. கை இறங்கியது. அள்ளியது, நிறுத்தது, போட்டது, ஒட்டியது. அளவு பிசகாத பொட்டலங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கரண்டி ஒருமுறைகூட மேலே போகவில்லை.

சங்கரபாண்டியன் வாயைப் பிளந்தார். "என்னய்யா செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யல அய்யா. ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல உக்காந்தே மாத்திருவாக. ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கெல்லாம் கம்பெனி ஆள் அனுப்புறதே கெடையாது."

"அப்ப அந்த ரோஷினிப் பிள்ள?" என்று அடுப்படியிலிருந்து முத்துமாரியம்மாள் எட்டிப் பார்த்தாள். "மூணு தடவ பஸ்ஸேறி வந்துச்சேப்பா?"

சதீஸ்குமார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "அக்காவா? அவுக அந்த மூணு நாளும் லீவு போட்டிருந்தாகளே!"