பஷீர் பாயின் தலைக்குள் ஒரு முள்

"மொதல்ல நீங்க கட்டிக் காட்டுங்க சார். அப்புறம் நான் கட்டிக்கிறேன்!"

பஷீர் அகமதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினாறு வருசமாகச் செஞ்சி–திண்டிவனம் பஸ் ஓட்டுகிறவர். போன வாரம் டீக்கடையில் லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடாதே என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் ஐந்து வயிறு.

டாக்டர் ராஜாராம் மெட்ராஸிலிருந்து செஞ்சி மருத்துவ முகாமுக்கு ஒரு பெட்டியோடு வந்திருந்தார். அதிலுள்ள பட்டையை நெற்றியில் கட்டினால் சிவப்பு வெளிச்சம் எலும்பைத் தாண்டிப் போய், மூளையில் ரத்தம் துடிக்கிற துடிப்பைப் பார்த்துக்கொண்டு வரும். பெட்டியிலுள்ள முள் அதைக் காகிதத்தில் கோடாகப் போடும். ஊசியில்லை, கத்தியில்லை. பட்டை இரண்டு, முள் ஒன்று. எந்தப் பட்டையின் துடிப்பை முள் எழுதவேண்டும் என்பதற்கு ஒரு சுவிட்ச்.

"ஊருக்கு ஊர் இதே தொல்லை!" டாக்டர் ஒரு பட்டையைத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டார். முள் ஓடியது. "பாத்தியா? செத்தா போயிட்டேன்?"

தன்னுடையதைக் கழற்றாமலே அடுத்த பட்டையை பஷீருக்குக் கட்டினார். முள் தாறுமாறாகக் குதித்தது.

"ஆடாம உக்காருய்யா!"

"நான் எங்க சார் ஆடறேன்?"

வெளிச்சம் கெடுக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினார். காகிதம் பறக்கிறதென்று ஃபேனை நிறுத்தினார். சித்திரை மாதம், செஞ்சி மலைப்பாறை அனல் சும்மா விடுமா? டாக்டர் சட்டை தொப்பலாக நனைந்தது. முள் இன்னும் எகிறியது.

"கோவத்த அடக்குய்யா!"

பஷீர் பல்லைக் கடித்தார். கண்ணை மூடி ஓதினார். இந்த ஆளை நாலு சாத்தலாம் போலிருந்தது. பிள்ளைகளை நினைத்துப் பொறுத்தார். முள் காகிதத்தைவிட்டே வெளியே பாய்ந்தது.

"அடேயப்பா! இந்தக் கோவக்காரன் கையில அறுபது உசுரா? வண்டி ஓட்ட லாயக்கில்லன்னு எழுதறேன்!"

"யோவ் டாக்டரு! கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்கேன், இன்னும் இன்னாதான்யா செய்யணும்?" பஷீர் பட்டையைப் பிடுங்கி மேஜையில் வீசினார்.

"பேசறியா? என்கிட்டயே பேசறியா?" டாக்டர் பேனாவை ஓங்கினார்.

மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த காத்தாயி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"சார், பாய் கழட்டி வீசிட்டாரு, முள்ளு இன்னும் எகிறுது பாருங்க! நீங்க அந்த சுவிட்சை மாத்தவே இல்ல சார், இவ்ளோ நேரமும் ஓடுனது உங்க தலைதான்!"