திருத்தம் சாரும் முப்பத்தாறு பொடுதலையும்

காஞ்சிபுரத்தில் திருத்தம் சார் கையில் அகப்பட்டு, சிவப்பு மைக் கோடு விழாமல் தப்பித்த காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. பஸ் டிக்கெட், மளிகைச் சிட்டை, சினிமா நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு முறை அவருடைய சம்பந்தி மூன்று பக்கத்துக்கு வசைபாடிக் கடிதம் எழுதியிருந்தார். சார் அதை ஏழு இடங்களில் திருத்தி, 'இரண்டாம் பக்கத்தில் கோபம் குறைகிறது, கவனிக்கவும்' என்று ஓரத்தில் குறிப்பெழுதித் தபாலில் திருப்பி அனுப்பினார். சம்பந்தி அதற்குப் பிறகு கடிதமே எழுதவில்லை.

அவருக்கு அசல் பெயர் ஒன்று உண்டு. தபால்காரருக்கே மறந்துபோனதை நான் இங்கே கிளறுவானேன்? மெட்ராஸில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, சின்ன காஞ்சிபுரத்தில் சொந்த வீட்டுக்கு வந்தவர். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். செடிகொடி ஆராய்ச்சிக்கென்று ஒரு காலாண்டிதழ் ஆரம்பித்தார். சந்தாதாரர்கள் அத்தனை பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினாலும் சீட் மிச்சமிருக்கும். ஆனால் அந்த பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் கல்லூரிப் பேராசிரியர்கள். அதனால் அந்த இதழில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் போதும், மதிப்பே தனி.

மற்ற பத்திரிகைகள் தங்கள் தப்பைக் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் போடும். சார் முதல் பக்கத்தில் போடுவார், கொட்டை எழுத்தில். 'சென்ற இதழில் இலையின் நீளம் மூன்று அடி என்று வந்தது தவறு. மூன்று அங்குலம். வெட்கப்படுகிறோம். ஆசிரியர்.' மூன்றடி இலைக்கு விதை கேட்டுத் திருநெல்வேலியிலிருந்து எழுதிய ஒருவருக்குத் தனியாக மன்னிப்புக் கடிதமும், ஆறுதலுக்கு வேறொரு செடியின் விதையும் போயின. அந்தத் திருத்தத்திலும் ஒரு பிழை வந்துவிட்டது. அதற்கு அடுத்த இதழில் திருத்தத்தின் திருத்தம் வந்தது. பெயர் நிலைத்துவிட்டது.

இதழ் அச்சானது பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருந்த ஒரு சின்ன பிரஸ்ஸில். பிரஸ்காரர் கல்யாணப் பத்திரிகையையும் பட்டுக்கடை லேபிளையும் நம்பிப் பிழைத்தவர். முகூர்த்த மாதம் வந்தால் சாரை வாசலிலேயே மடக்கிவிடுவார்.

"கல்யாணம் நிக்குது சார். உங்க செடி எங்க ஓடிடப்போவுது? வேர் இருக்குதில்ல?"

ஆகவே உலகத்திலேயே ஆடி, புரட்டாசி, மார்கழி பார்த்து வெளிவந்த ஒரே விஞ்ஞானப் பத்திரிகை எங்கள் ஊருடையதுதான். பெயரளவில்தான் காலாண்டிதழ். அச்சுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சாருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. பிரஸ்ஸில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தை எடுத்து, ஊரார் கல்யாணப் பத்திரிகைகளைச் சரிபார்ப்பார். 'வியாழக்கிழமை' என்று அச்சாகவிருந்த ஒரு முகூர்த்தம் வெள்ளிக்கிழமை என்று கண்டுபிடித்து, இரண்டு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து அவருக்கு அங்கே டீ இலவசம்.

இனி என் கதை. அறுபதுகளின் கடைசியில் நான் ஒரு கல்லூரியில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது பையன்களுக்குத் தவளையும் செம்பருத்தியும் எடுத்துக் கொடுக்கிற ஆள். ஆவணி மாதம் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. கையில் அச்சான கட்டுரை ஒன்று இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஆடி இதழை விட்டால் எனக்கு நாதியில்லை. புரட்டாசி இதழ் வரும்போது என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான்.

தென்னேரி ஏரியில் கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, காயும் தரையில் பொடுதலை எப்படிக் குறைகிறது என்று பார்த்து எழுதினேன். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே செடிதான். பங்குனியிலிருந்து ஆனி வரை பதினான்கு வியாழக்கிழமைகள், ஒரே இடத்தில் மரச்சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் இருப்பதை எண்ண வேண்டும். தறி செய்யும் தச்சரிடம் சொல்லிச் சட்டம் செய்துகொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் விடமாட்டார்.

"என்னா சார், வூட்டு ஜன்னலைப் பேத்துக்கினு எங்க போறீங்க?"

"செடி எண்ணப் போறேன்."

"எண்ணி?"

"எழுதப் போறேன்."

"எழுதி?"

லக்கேஜ் டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டுவேன்.

கட்டுரை தயாரானதும் துறைத்தலைவர் மோப்பம் பிடித்து வந்தார். தென்னேரி இருக்கும் திசையில் அவர் தும்மியதுகூட இல்லை.

"என் பேரை மொதல்ல போட்டுடுபா."

"சார், எண்ணினது நான்தானே?"

"நீ எண்ணினா என்னா, நான் எண்ணினா என்னா? பூதக்கண்ணாடி டிபார்ட்மென்ட்டோடதுதானே?"

இன்டர்வியூவில் உட்காரப்போகிறவரும் அவரே. போட்டேன். வேறு வழி?

திருத்தம் சாரிடம் ஒரு வழக்கம். கட்டுரையை வேறு ஒரு நிபுணரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்பார். கொடுக்கும் முன் எழுதியவர் பெயரை நீக்கிப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுவார். "பேரைப் பார்த்தா மரியாதை வரும். மரியாதை வந்தா படிக்க மாட்டான்" என்பார். ஏரித் தாவரங்கள் பற்றி எங்கள் பக்கத்தில் நிபுணர் என்று சொல்லிக்கொண்டவர் யார்? எங்கள் துறைத்தலைவர்தான். சார் கமுக்கமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பெயரில்லாத கட்டுரையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார்.

தன் பெயர் போட்ட கட்டுரையை ஒரு வரிகூடப் படித்திராத துறைத்தலைவர் இரண்டு பக்கத்துக்குக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். கடைசி வரி: 'இதை எழுதியவர் தென்னேரியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது என் உறுதியான கருத்து.'

சார் ஒரே வரியில் பதில் போட்டார். 'முதல் கட்டுரையாளரைப் பற்றித் தாங்கள் எழுதியிருப்பது முற்றிலும் உண்மை. ஆகவே அவர் பெயரை நீக்குகிறோம்.'

பிரஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறைத்தலைவரின் வாய் இனி இன்டர்வியூவில்தான் திறக்கும். சரி, கட்டுரையாவது வரட்டும் என்று தினமும் பிரஸ்ஸுக்கு நடையாக நடந்தேன். ஆடி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. சார் என் கட்டுரையை ஒரு கையிலும் பஞ்சாங்கத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வியாழக்கிழமைக்கும் எதிரே சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டே வந்தவர், ஒன்றில் நின்றுவிட்டார்.

"இந்த வியாழக்கிழமை என்னா நாளுபா?"

"வியாழக்கிழமைதான் சார்."

"கருட சேவை."

நான் பஞ்சாங்கத்தை எட்டிப் பார்த்தேன்.

"வைகாசி கருட சேவை அன்னிக்கு ஊரே பெருமாள் கோயிலாண்ட நிக்குது. தறியெல்லாம் நிறுத்திட்டு ஜனம் வந்துக்கினு இருக்குது. உனக்கு மட்டும் தென்னேரிக்கு வாலாஜாபாத் பஸ்ஸை எவன் உட்டான்?"

"இல்ல சார்... காலையிலேயே..."

"அதுக்கு முந்தின வாரம் நாப்பத்தி ஒண்ணு. அடுத்த வாரம் முப்பத்தி ஒண்ணு. நடுவுல முப்பத்தாறு. செடி என்னா, உனக்காவக் கூட்டி ரெண்டால வகுத்துப் பார்த்துட்டுத்தான் சாவுமா?"

அவ்வளவுதான். பதின்மூன்று வாரம் வெயிலில் வெந்து எண்ணியவன், ஒரே ஒரு வாரம் கோபுர வாசலில் கூட்டத்தோடு கூட்டமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து முப்பத்தாறு என்று எழுதிக்கொண்டேன். ஒப்புக்கொண்டேன். கட்டுரையைக் கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. முப்பத்தாறை அடித்துவிட்டு அங்கே ஒரு கோடு போட்டார். நான் மூச்சு விடுவதற்குள் கீழே ஒரு வரியும் எழுதினார். 'அன்று எண்ணப்படவில்லை. கட்டுரையாளர் கருட சேவைக்குப் போயிருந்தார். இல்லாத எண்ணை முதலில் எழுதியிருந்தார், கேட்டதும் ஒப்புக்கொண்டார்.'

"சார், கோடு போதும் சார். காரணம் எதுக்கு?"

"கோட்டை மட்டும் பார்த்தா படிக்கிறவன் மழைன்னு நினைச்சுக்குவான். மழை பெய்யலியே."

"என் வேலை போயிடும் சார்!"

"போவலாம்பா" என்றார் மெதுவாக. ஆனால் வரியை எடுக்கவில்லை.

போயிற்று. இன்டர்வியூவில் துறைத்தலைவர் அந்தக் குறிப்பை ராகம் போட்டு வாசித்தார். "வேலை குடுத்தா பிரம்மோற்சவம் பத்து நாளும் லீவு போடுவியா, இல்ல எண்ணாமலே எழுதுவியா?" என்று கேட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். வேலை இன்னொருவனுக்குப் போனது. ஏதோ புண்ணியத்துக்கு என்னை இன்னும் ஒரு வருடம் தற்காலிகமாகவே வைத்துக்கொண்டார்கள்.

நேரே சின்ன காஞ்சிபுரம் போனேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். "உங்க பத்திரிகையை யார் படிக்கிறாங்க? பட்டுப்புடவை மடிக்கக்கூட அந்தப் பேப்பரை வாங்க மாட்டாங்க! அதுல போய் என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

சார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் சைக்கிள் மணி கேட்டாலே நான் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். வழியில் என்னைப் பார்த்துவிட்டால் அவரும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார், நான் போய் மறையும் வரை. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அடுத்த ஆடியில் இதழ் தபாலில் வந்தது. தூக்கிப் போடத்தான் போனேன். முதல் பக்கத்தில் என் பெயர்.

'சென்ற ஆண்டுக் கட்டுரையில் கருட சேவையன்று விடுபட்ட எண்ணிக்கை குறித்து: இவ்வாண்டு கருட சேவையன்று, அதே இடத்தில், இதழாசிரியர் நேரில் சென்று எண்ணினார். முப்பத்து மூன்று. வேறு ஆண்டு, வேறு கோடை என்பதால் இதை அட்டவணையில் சேர்க்கக் கூடாது. இதனால் கட்டுரைக்கு எந்தப் பயனும் இல்லை. ஆசிரியர்.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயனில்லாத எண்ணை எண்ணுவானேன், அச்சடிப்பானேன்? பிரஸ்ஸுக்கு ஓடினேன். பிரஸ்காரர் எழுத்துக் கோக்கும் கம்போஸிங் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"உனக்குத் தெரியாதா? அந்த மனுஷன் பொறந்ததுலேர்ந்து ஒரு கருட சேவையைத் தவற உட்டதில்ல. மெட்ராஸ்ல இருந்தப்பவும் லீவு போட்டுட்டு வந்துடுவாரு. மஞ்சக்காமாலையில கெடந்தப்போ கட்டிலோட தூக்கியாந்து காட்டினாங்க. இந்த வருஷம் இருட்டு பிரியறப்பவே சைக்கிளை எடுத்துட்டாரு. ஊரே பெருமாளைப் பார்க்க உள்ள வருது, இவரு மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கினு வெளிய போறாரு. ஹேண்டில்பாருல ஒரு மரச்சட்டம் வேற. நான்தான் கேட்டேன், இன்னா சார் இதுன்னு. 'பையன் அன்னிக்கு ஆசையா சாமி பார்க்கப் போனான், அதுக்குப் போயி ஊர் சிரிச்சுது'ன்னாரு."

பிரஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். வெட்கமில்லாமல்தான் அழுதேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நேரே அவர் வீட்டுக்குப் போய் என்னென்னவோ சொல்ல நினைத்து, "எதுக்கு சார்?" என்று மட்டும் கேட்டேன். "வெயில் ஜாஸ்திபா அங்க. பதிமூணு வாரம் எப்படித்தான் நின்னியோ" என்று மட்டும் அவர் சொன்னார்.

அந்த வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது. அதற்கும் அந்தக் குறிப்புக்கும் சம்பந்தமில்லை. துறைத்தலைவர் ஓய்வு பெற்றதுதான் காரணம். சார் பத்திரிகையில் எழுதுகிற மாதிரி இதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வைகாசியில் சாரை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். விடியற்காலையில் கோபுர வாசலில் எள் போட இடமில்லை. வயதானவரை இடித்துவிடுவார்களோ என்று நான் கையை அணைத்துப் பிடித்திருந்தேன். அவரோ என்னைத் தொலைத்துவிடுவோமோ என்று என் சட்டையைப் பிடித்திருந்தார். பெருமாள் கருடன் மேல் ஏறி வாசலுக்கு வந்தபோது ஊரே கைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தது. நான் சார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.